திருப்பி அனுப்பப்பட்ட மழைநீர் வரைபடம்

2 ஹெக்டேர் மனைப்பிரிவுக்கு நான் போட்ட மழைநீர்த் திட்டம் அனுமதி கிடைக்காமல் திரும்பி வந்தது. காரணம் ஒரே வரிதான்: வெளியேறும் நீர் கட்டுமானத்துக்கு முன்பிருந்த அளவைத் தாண்டக்கூடாது.

மழைநீரைத் தேக்கி மெல்ல விடக் குளம்தான் வைத்திருக்கிறோமே என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் கணக்கைத் திரும்பப் போட்டேன். மணிக்கு 60 மி.மீ. மழை. வெறும் புல்தரையாக இருந்தபோது வழிந்தோடும் குணகம் (பெய்த மழையில் ஊறாமல் ஓடிவிடும் பங்கு) 0.3, அதாவது நொடிக்கு 100 லிட்டர். கூரையும் சாலையும் வந்தபின் 0.75, அதாவது 250 லிட்டர். இதுவரை சரி. தப்பு குளத்தின் வாயில் இருந்தது. அடைக்காமல் இருக்கட்டும் என்று 300 மி.மீ. குழாய் போட்டிருந்தேன். துளையின் மையத்துக்கு மேல் 1 மீட்டர் தண்ணீர் நின்றால் அது 180 லிட்டருக்கு மேல் விட்டுவிடும். பெயருக்குத்தான் குளம்!

குழாயை மாற்றவில்லை. அதன் முகப்பில் 210 மி.மீ. துளையிட்ட தகடு பொருத்தினேன். 92 லிட்டர் அளவில் நின்றது. தண்ணீர் கூடுதல் நேரம் தேங்குமே, அதற்காகக் குளத்தை ஆழப்படுத்தாமல் அகலப்படுத்தினேன். நீர் உயரம் கூடினால் துளை வழியே வேகமும் கூடிவிடும்.

மேட்டுப்பக்கத்து நிலத்திலிருந்து வரும் நீரையும் கணக்கில் எடுக்க மறந்திருந்தேன். அதைக் குளத்தில் சேர்க்காமல் ஓரமாகப் புல்வாய்க்காலில் திருப்பினேன். குப்பை அடைக்காமல் துளைக்கு முன் ஒரு கம்பிவலை, பெருமழையில் மிகும் நீர் வெளியேற மேலே ஒரு வழிந்தோடி. இரண்டாம் முறை அனுமதி கிடைத்தது.