பனித்தளத்தில் கெண்டைக்கால் பிடிப்பு நின்ற விதம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொச்சியில் உள்ள பனித்தளத்துக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் (பனியில் சறுக்கியும் சுழன்றும் தாவியும் ஆடும் விளையாட்டு) பயிற்சிக்குச் செல்லும்போதெல்லாம், இறங்கிய சற்று நேரத்திலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. பாலக்காட்டு வெயிலில் வேர்த்த உடம்பு சூடாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் பேருந்தில் மணிக்கணக்கில் மடங்கிக் கிடந்த தசைக்கு அந்த வேர்வையால் பயனில்லை.

இப்போது பூட்ஸ் அணிவதற்கு முன்பே, வெளியில் கால் மணி நேரம் கயிறு தாண்டி, கால்களை முன்னும் பின்னும் வீசி, கணுக்காலைச் சுழற்றிவிடுகிறேன். அசையாமல் நின்று தசையை இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டேன். பனியில் இறங்கியதும் மேற்சட்டையைக் கழற்றாமல், முதலில் நீளமாகச் சறுக்கிச் சுற்றிவந்து, ஒரு காலை மற்றதன் மேல் குறுக்கே வைத்து வளைந்து செல்லும் க்ராஸ்ஓவரை இரு திசைகளிலும் செய்து, பிளேடின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு வளைவுகளையும் ஒற்றைக்காலில் திசை திரும்பும் த்ரீ டர்னையும் முடித்து, அரைச் சுற்றே உள்ள வால்ட்ஸ் ஜம்ப்பைத் தொட்ட பின்னரே ஒன்றரைச் சுற்று ஆக்ஸல் தாவலை நினைப்பேன். (க்ராஸ்ஓவரில் வலப்பக்கச் சுற்று எனக்கு எப்போதும் முரண்டு பிடிக்கும், அதனால் அதையே முதலில் செய்கிறேன்.)

சில சுற்றுகளில் பூட்ஸின் தோல் இளகிக் கொடுப்பதால், ஓரமாக நின்று, கணுக்கால் மடியும் இடத்தில் கயிற்றை மீண்டும் இறுக்கி, மேல் கொக்கிகளில் மட்டும் கால் முன்னே மடங்க இடம்விட்டுக் கட்டுகிறேன். இந்த இரண்டாம் கட்டு வந்த பிறகுதான் பிடிப்பு அறவே நின்றது.