1920களின் அமெரிக்கப் பாடகியும் நடிகையுமான ஹெலன் மார்கனை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

நேராக 1936இல் வந்த 'ஷோ போட்' படத்துக்குப் போங்கள். அதில் அவர் செய்யும் ஜூலி வேடம், 1927 டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் அவரே தொடங்கிவைத்தது. 'பில்' பாட்டு வரும்போது மட்டும் வேறு வேலை பார்க்காதீர்கள். மெல்லிய, உயரமான குரல், லேசான நடுக்கம், கையை வீசி ஆர்ப்பாட்டம் செய்வதே இல்லை, ஆனால் பில் என்கிற சாதாரண ஆளைக் காதலித்துப் பாடுகிறவள் இப்படித்தான் இருப்பாள் என்று நம்பவைத்துவிடுகிறார்.

அப்புறம் 1929இல் வந்த 'அப்ளாஸ்'. ஒலி கரகரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பதைத் தொடாத வயதில், வளர்ந்த பெண்ணுக்குத் தாயாக, களைத்துப்போன மேடைக்காரியாக நடிக்க எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள்?

படங்கள் முடிந்ததும் பழைய இசைத்தட்டுப் பதிவுகளைக் கேளுங்கள். அவற்றைக் கேட்கும்போது இடத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: மதுவிலக்குக் காலம், நியூயார்க்கில் புகை மண்டிய சின்ன கிளப், பியானோ மேலேயே ஏறி உட்கார்ந்து பாடும் ஹெலன். அந்த கிளப்களில் சோதனை நடந்து அவர் கைதாகியிருக்கிறார், ஜூரி விடுவித்தும் இருக்கிறது. குடியே கடைசியில் கல்லீரலைத் தின்றது. 1941இல் சிகாகோவில் இறந்தபோது வயது 41.

ஹெலனைப் பற்றி 1957இல் வந்த வாழ்க்கைப் படத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நடிப்பது ஆன் பிளைத், பாடும் குரல் கோகி கிராண்ட். கனமான, முழங்கும் குரல், ஹெலனுடையது போலவே இருக்காது.