இத்தாலியில் நண்பர்களோடு ரயில் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியில் ஊர் விட்டு ஊர் போக ரயிலைப் போல வசதி வேறில்லை. ரோமிலிருந்து புளோரன்சுக்கு ஒன்றரை மணி நேரம்தான். நேப்பிள்ஸுக்கு அதைவிடக் குறைவு. இறங்கினால் ஊரின் நடுவிலேயே நிற்பீர்கள். ஆனால் நாலைந்து பேராகப் போகும்போது ஒருவர் சறுக்கினால் எல்லார் பர்ஸும் இளைக்கும்.

பெரிய தவறு, எல்லா ரயிலுக்கும் ஒரே விதி என்று நினைப்பது. அரசு ரயில் நிறுவனமான ட்ரெனித்தாலியாவின் ஃப்ரெச்சாரோஸா, தனியார் நிறுவனமான இத்தாலோ இரண்டும் அதிவேக ரயில்கள். டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு, குறிப்பிட்ட இருக்கைக்கு மட்டும். ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. விமான டிக்கெட் மாதிரி, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ஆகவே சில மாதம் முன்பே வாங்கினால் நல்ல லாபம். ரெஜொனாலே எனும் வட்டார ரயில்களுக்கோ கட்டணம் எப்போதும் ஒன்றுதான், இருக்கை எண்ணும் கிடையாது. அதை முன்கூட்டி வாங்கி மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. புளோரன்சிலிருந்து பீசா போக ரெஜொனாலேயே ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ரோம்–புளோரன்ஸ் மாதிரி தூரங்களுக்கு அதிவேக ரயிலில் போங்கள். வட்டார ரயிலில் இரு மடங்குக்கு மேல் நேரமாகும்.

அப்புறம், அதிவேக ரயிலில் ‘சூப்பர் எகானமி’ டிக்கெட் மேல் ஆசை. விலை மிகக் குறைவு. ஆனால் மாற்றவும் முடியாது, பணமும் திரும்ப வராது. தனியாகப் போகிறவர் நேரத்துக்கு ஓடிப் பிடித்துவிடுவார். கூட்டமாகப் போனால் ஒருவர் அறையில் சார்ஜரை மறப்பார், இன்னொருவர் காபிக் கடையில் நிற்பார். ரயில் போனால் ஐந்து டிக்கெட்டும் சேர்ந்து போகும். காலையில் முதலில் பிடிக்கும் ரயிலுக்கு மட்டுமாவது, புறப்படும்வரை மாற்றிக்கொள்ளக்கூடிய ‘பேஸ்’ டிக்கெட் வாங்குங்கள் என்பேன். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அன்றைக்கு யாரும் யாரையும் கடிந்துகொள்ள வேண்டியிருக்காது.

வெளியூர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது முத்திரையில். ரெஜொனாலேவுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடை அருகே உள்ள சின்ன இயந்திரத்தில் செருகித் தேதியும் நேரமும் அச்சிட வேண்டும். செருகி இடப்பக்கமாகத் தள்ளினால் ‘டக்’கென்று அடிக்கும். எழுத்து விழுந்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். முத்திரை இல்லாவிட்டால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான். ‘தெரியாது’ என்று சொல்லித் தப்புவது கடினம். ஒருவர் குத்தினால் மற்றவருக்கும் சேராது, ஒவ்வொரு டிக்கெட்டாகக் குத்த வேண்டும். போனில் வாங்கியிருந்தால் இயந்திரம் தேவையில்லை. ஆனால் செக்-இன் செய்யும்படி டிக்கெட்டில் இருந்தால் ஏறுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.

டிக்கெட்டெல்லாம் ஒரே போனில் இருப்பதும் ஆபத்து. ரோம் தெர்மினி, மிலானோ சென்ட்ராலே போன்ற பெரிய நிலையங்களில் டிக்கெட் காட்டினால்தான் நடைமேடைப் பக்கமே விடுவார்கள். போன் வைத்திருப்பவர் கழிப்பறை வரிசையில் நின்றால் மற்றவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். வாங்கியவுடன் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

நிலையத்தின் முழுப் பெயரையும் படியுங்கள். வெனிஸில் ‘மேஸ்த்ரே’ நிலப்பகுதியில் உள்ளது. பெருங்கால்வாய் முன்னால் இறங்க வேண்டுமானால் ‘சாந்தா லூச்சியா’. நேப்பிள்ஸில் ‘அஃப்ரகோலா’ ஊருக்கு வெளியே, ‘சென்ட்ராலே’தான் நகருக்குள். பொம்பெய் இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, நேப்பிள்ஸிலிருந்து போகும் சிர்கும்வெசுவியானா எனும் வட்டார ரயிலில் ‘பொம்பெய் ஸ்கவி’ நிறுத்தம். பக்கத்து ரயில் பாதையில் வெறும் ‘பொம்பெய்’ என்றும் ஒரு நிலையம் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

அறிவிப்புப் பலகையிலும் கவனம் தேவை. ரோமில் நின்று ‘ஃபிரென்சே’ (புளோரன்சின் இத்தாலியப் பெயர்) என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கடைசி ஊரின் பெயர்தான் பெரிதாக வரும்: மிலானோ (மிலன்), வெனெசியா (வெனிஸ்), தொரினோ (டூரின்). எனவே ரயில் எண்ணை வைத்துத் தேடுங்கள். ‘பினாரியோ’ என்பது நடைமேடை. அதன் எண் பல சமயம் கடைசிப் பத்து நிமிடங்களில்தான் தெரியவரும். பொலோனியாவில் அதிவேக ரயில்களுக்கான 16 முதல் 19 வரையிலான நடைமேடைகள் தரைக்கு அடியில் ஆழத்தில் உள்ளன. மேலிருந்து பெட்டியோடு இறங்கவே நல்ல நேரம் பிடிக்கும். தெர்மினியில் 25க்கு மேற்பட்டவையும் நெடுநடை. அங்கே டிக்கெட் இயந்திரம் பக்கம் ‘உதவட்டுமா?’ என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒருவர் டிக்கெட் எடுக்க, மற்றவர்கள் பைகளைச் சுற்றி நில்லுங்கள்.

கடைசியாக வேலைநிறுத்தம். இத்தாலியில் அடிக்கடி வரும். பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். கிளம்பும் வாரத்தில், வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லோடு தேதியையும் போட்டுத் தேடுங்கள். வேலைநாளாக இருந்தால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது ஏற்பாடு. தொலைதூர ரயில்களிலும் நிச்சயம் ஓடுபவற்றின் பட்டியலை ட்ரெனித்தாலியா வெளியிடும். உங்கள் ரயில் எண் அதில் இல்லையென்றால் முந்தின நாள் மாலையே கிளம்பிவிட முடியுமா என்று எல்லாருமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்.