எல்லோருக்குமான முகாம்: ஊரைத் துணைக்கழைத்து நடத்துவது எப்படி?

முகாம் நடத்தலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் உட்கார்ந்து எழுதுவது நன்கொடைக் கடிதம். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஒன்றாகத் தங்கி, விளையாடி, சாப்பிட்டுத் திரும்பும் முகாமுக்கு ஆட்களும் இடமும் கைத்திறனும்தான் முதல் தேவை. இவை ஊரில் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கும். யாரிடம் எது இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் அவரிடம் கேட்க வேண்டும். முகாம் நடத்திப் பழக்கமில்லாத ஒருவர், 20 அல்லது 30 பேருடன் இரண்டு நாள் நடத்தப்போகிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆறு மாதம் முன்னதாகத் தொடங்கினால் மூச்சுவிட நேரம் இருக்கும்.

படி 1: யாருக்காக நடத்துகிறோமோ அவர்களோடு திட்டமிடுங்கள்

ஏற்பாட்டுக் குழுவில் பாதிப்பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கட்டும். "நாங்கள் இல்லாமல் எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்" என்பது மாற்றுத்திறனாளிகள் இயக்கம் உலகெங்கும் எழுப்பிவரும் முழக்கம். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, பொழுதுபோக்கிலும் ஓய்விலும் விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதை உரிமையாகவே சொல்கிறது. ஆகவே முகாமுக்கு வருபவரை விருந்தாளியாக மட்டும் பார்க்காதீர்கள். அது அவருடைய முகாமும்கூட.

நான் உதவிய முதல் முகாமில் இந்தப் படியைத் தவறவிட்டோம். இடம் பார்க்கப் போன ஐந்து பேருமே நடப்பவர்கள். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று திரும்பிவிட்டோம். கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலி நுழைய முடியாத அளவுக்குக் குறுகல் என்பது முகாம் நாளன்றுதான் தெரிந்தது. ஓர் இளைஞர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சமாளித்துக்கொண்டிருந்தார். மாலையில்தான் அது எங்கள் கண்ணில் பட்டது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இன்றுவரை என்னை வருத்துவது அதுதான்.

படி 2: நோயின் பெயரைக் கேட்காதீர்கள், தேவையைக் கேளுங்கள்

பதிவுப் படிவத்தில் "என்ன குறைபாடு?" என்று ஒரு கட்டம் போட்டால் "ஆட்டிசம்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். அதை வைத்து ஒரு வேலையும் செய்ய முடியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: எந்தச் சத்தம் உங்களைத் தொந்தரவு செய்யும்? பதற்றம் வந்தால் எது உதவும்? உணவை மசித்துத் தர வேண்டுமா? இரவில் யாராவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமா? எந்த மருந்து, எத்தனை மணிக்கு? தகவல் எழுத்தில் வேண்டுமா, ஒலியாகவா, படங்களாகவா? "உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்ற கேள்வியும் கட்டாயம் இருக்கட்டும். பல படிவங்களில் விட்டுப்போவது இதுதான்.

மாற்றுத்திறன் இல்லாதவர்களுக்கும் இதே படிவத்தைக் கொடுங்கள். அவர்களுக்கும் தேவைகள் உண்டு. ஒரே படிவம் என்பதாலேயே யாரும் தனியாகப் பிரித்துவைக்கப்பட்டதாக உணரமாட்டார்கள்.

பதில்கள் வந்ததும் ஒரு பெரிய தாளில் தேவைகளை வேலைகளாக மாற்றி எழுதுங்கள். "மூன்று பேர் சக்கர நாற்காலி" என்பதை "வாசல் படிக்குச் சாய்தளம், தாழ்தள வண்டி, அகலக் கதவுள்ள கழிப்பறை" என்று எழுத வேண்டும். கூட்டாளிகளைத் தேடப் போகும்போது கையில் இருக்க வேண்டியது இந்தத் தாள்தான்.

படி 3: ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

சாய்தளத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அலகு உயரத்துக்குப் பன்னிரண்டு அலகு நீளம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 15 செ.மீ. படி என்றால் 180 செ.மீ. நீளம் வேண்டும். இதற்கு நன்கொடை திரட்டி ஒப்பந்தக்காரரைத் தேடலாம். அல்லது தச்சுப் பட்டறையையோ தொழிற்பயிற்சி மாணவர்களையோ அணுகி, "இந்த அளவில் மரச் சாய்தளம் ஒன்று செய்து தருவீர்களா?" என்று கேட்கலாம். இரண்டாவது வழியில் சாய்தளத்தோடு அதைச் செய்த பத்துப்பேரும் முகாமுக்கு வந்து நிற்பார்கள். அடுத்த முறை தங்கள் கட்டடத்தில் படி கட்டும்போது அவர்களுக்கே சக்கர நாற்காலியின் நினைவு வரும்.

சைகைமொழிக்குக் காது கேளாதோர் சங்கத்தை நாடுங்கள். ஒரே மொழிபெயர்ப்பாளரை நாள் முழுக்க நிற்கவைக்க முடியாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள இருவர் வேண்டும். மருந்து நேரத்தையும் இரவுக் கண்காணிப்பையும் செவிலியர் கல்லூரி ஏற்கலாம். படக் குறிப்புகளும் பிரெய்ல் அச்சும் நூலகத்திலோ சிறப்புப் பள்ளியிலோ கிடைக்கக்கூடும். தாழ்தள வண்டி ஏற்கெனவே ஓடும் மறுவாழ்வு மையம் விடுமுறை நாளில் அதைத் தரலாம்.

அமெரிக்காவில் இதற்கு இரண்டு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. 1962 ஜூனில், அப்போதைய அதிபர் கென்னடியின் சகோதரி யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், மேரிலாந்து மாநிலத்தில் தம் வீட்டு வளாகத்திலேயே அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு முகாம் தொடங்கினார். இடம் அவருடையது. துணை நின்றவர்கள் உயர்நிலைப்பள்ளி, கல்லூரி மாணவர்கள். அந்தத் தொடக்கமே 1968இல் சிகாகோவில் நடந்த முதல் சிறப்பு ஒலிம்பிக் (அறிவுசார் குறைபாடுள்ளோருக்கான விளையாட்டு) போட்டிக்கு இட்டுச்சென்றது.

இரண்டாவது, நியூயார்க் மாநிலத்தில் 1951இல் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கிய ஜெனெட் முகாம். அங்கே இளமையில் பங்கேற்ற, பின்னாளில் மாற்றுத்திறனாளிகள் உரிமைப் போராளியான ஜூடித் ஹியூமன் உள்ளிட்ட பலர், 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் அரசுக் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக மூன்று வாரங்களுக்கும் மேலாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு உள்ளே உணவு கொண்டுவந்து கொடுத்தது, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சி. குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு கொடுத்துப் பழகிய அமைப்பு அது. பலருக்குச் சோறு போட அவர்களுக்குத் தெரியும், அதையே செய்தார்கள். நல்ல கூட்டாளியின் அடையாளம் எனக்கு இதுதான்: நமக்காகப் புதிதாக ஒன்றைக் கற்கத் தேவையில்லாதவர்.

படி 4: கேட்பதைத் துல்லியமாகக் கேட்டு, எழுதி வாங்குங்கள்

"முடிந்த உதவியைச் செய்யுங்கள்" என்று கேட்டால் யாருக்கும் கை ஓடாது. "சனிக்கிழமை காலை 8 முதல் மதியம் 2 வரை, முதலுதவி தெரிந்த இருவர்" என்று கேளுங்கள். சரி என்றால் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். யார், எதை, எப்போது தருகிறார், வர முடியாவிட்டால் மாற்று யார், பொருள் சேதமானால் பொறுப்பு யாருடையது என்பவை போதும்.

புகைப்படத்தைப் பற்றியும் அதே தாளில் ஒரு வரி வேண்டும். பங்கேற்பாளர் சம்மதித்தால் மட்டுமே படம் எடுக்கலாம். உதவுபவர் கொடுக்க, இவர் கைநீட்டி வாங்குவதுபோன்ற படத்துக்கு யார் கேட்டாலும் இடம் தராதீர்கள். அந்த நிபந்தனையால் ஒரு கூட்டாளி விலகினால் விலகட்டும்.

படி 5: அளவு நாடாவோடு இடத்தைப் பாருங்கள்

சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரும் பார்வையற்றவர் ஒருவரும் உடன் வரட்டும். கதவைத் திறந்த நிலையில் 80 செ.மீ.க்குக் குறையாத இடைவெளி வேண்டும், இன்னும் அகலமானால் நல்லது. நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் தேவை. மின்சார நாற்காலிக்கு இரவில் மின்னேற்ற, கட்டிலுக்கு அருகிலேயே இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சத்தத்திலிருந்து ஒதுங்கி உட்கார ஓர் அமைதி அறை கட்டாயம். அதைச் சாமான் அறையாக்கிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

படி 6: தன்னார்வலர்களுக்கு அரைநாள் பயிற்சி

பயிற்சி தருபவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவே இருப்பது நல்லது. கேட்காமல் ஒருவரின் சக்கர நாற்காலியைத் தொடக்கூடாது, அது அவர் உடலின் பகுதி. காது கேளாதவரிடம் பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள். பார்வையற்றவரைப் பிடித்து இழுக்க வேண்டாம், அவர் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டட்டும். கட்டிப்பிடித்து அடக்கக்கூடாது. வாயில் எதையும் திணிக்கக்கூடாது. சுற்றியுள்ள கூரான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் மென்மையாக ஏதாவது வைத்து, நேரத்தைக் குறியுங்கள். துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். தண்டுவடம் பாதிக்கப்பட்ட சிலருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. வெயிலில் அவர்கள் உடல் வேகமாகச் சூடேறும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

பாதுகாப்பு விதியில் விட்டுக்கொடுப்பு கூடாது. எந்தத் தன்னார்வலரும் பங்கேற்பாளர் ஒருவரோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. எவ்வளவு மதிப்புக்குரிய அமைப்பு அனுப்பிய ஆளானாலும் பின்னணியை விசாரித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

படி 7: முகாம் நாள்

நிகழ்ச்சிநிரலைப் படங்களாக வரைந்து எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். முடிந்த நிகழ்ச்சியை மறைத்துக்கொண்டே வந்தால், அடுத்தது என்ன என்ற பதற்றம் பலருக்குக் குறையும். நிகழ்ச்சிகளுக்கு இடையே நீங்கள் நினைப்பதைவிட இருமடங்கு நேரம் விடுங்கள். "உதவுபவர், உதவி பெறுபவர்" என்று இருவர் இருவராகப் பிரிக்காமல் ஐந்தாறு பேர் குழுக்களாக்கி, குழுத் தலைமையைச் சுழற்சியில் விடுங்கள்.

படி 8: முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் பங்கேற்பாளர்களிடம் முதலில் கேளுங்கள்: எது பிடித்தது, எந்த இடத்தில் தவித்தீர்கள், மறுபடி வருவீர்களா? பேச முடியாதவர்களுக்குப் பட அட்டைகள் கொடுங்கள். பிறகு கூட்டாளிகளைச் சந்தித்து, அவர்கள் தந்தது எப்படிப் பயன்பட்டது என்று நேரில் சொல்லுங்கள். தச்சுப் பட்டறைக்காரரிடம் அவர் செய்த சாய்தளத்தில் ஏறியவர் போய்ப் பேசினால் அச்சிட்ட நன்றிக் கடிதம் தேவைப்படாது. சாய்தளம் கொஞ்சம் வழுக்கியிருந்தால் அதையும் அவரே சொல்லட்டும். திரும்பும்போது அடுத்த முகாமின் தேதியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.