பழைய படத்தை எடுத்தவரைத் தேடுவது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளின் வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில்) தொங்கும் பழைய படங்களில் இருப்பவர் யார் என்று கேட்கும் நாம், அவற்றை எடுத்தவர் யார் என்று கேட்பதேயில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே தோன்றுகிறது.

சட்டத்தைக் கழற்றும்போது படத்தை அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள். ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் பெரும்பாலும் அட்டையின் அடியிலோ பின்புறத்திலோதான் அச்சாகியிருக்கும். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போன இடத்தில் எடுத்த படமானால் ரங்கூன் அல்லது பினாங்கு முகவரியும் இருக்கலாம். பிறகு, படத்தின் காலத்தை ஊகிக்க அட்டையை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 6க்கு 10 செ.மீ. என்றால், அது 1854இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற விசிட்டிங் கார்டு வகை, 11க்கு 16.5 செ.மீ. என்றால், 1860களில் வந்த கேபினட் வகை.

ஒரே ஸ்டூடியோவின் அட்டைகள் பல கிடைத்தால் முகவரி மாறிய வரிசையில் அடுக்குங்கள். படக்காரரின் தொழில் வாழ்க்கை அதிலேயே தெரியத் தொடங்கும். இங்கிலாந்தின் விட்பி என்னும் கடற்கரை ஊரில் ஃபிராங்க் மெடோ சட்கிளிஃப் (1853–1941) விடுமுறைக்கு வந்தவர்களைப் படமெடுத்துப் பிழைத்தார். இன்று அவர் பெயர் நிற்பதோ அவ்வூர் மீனவர்களை எடுத்த படங்களால். ஆகவே, வாடிக்கையாளர் அல்லாதவர்களின் படங்களையும் ஒதுக்காமல் பாருங்கள்.

ஆச்சி சொல்லும் பெயர்களை அட்டையில் எழுதாமல், தனித்தாளில் பென்சிலால் குறித்து, படத்துடன் வையுங்கள்.