நேற்றைய மை: சீனத் தூரிகை எழுத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பரில் புது வகுப்பு தொடங்கும். நவம்பருக்குள் எனக்கு ஒரு முறையாவது கோபம் வந்துவிடும். வருடா வருடம் ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. அத்தனையும் நான் செய்தவை என்பதால் கோபத்தை வெளியில் காட்டவும் முடியாது.

இடம், ஜெஜியாங் மாகாணத்தில் ஓர் ஆசிரியர் கல்லூரி. சீன மொழி படிக்கப் போன நான், கட்டாயப் பாடம் என்பதால் தூரிகையைக் கையில் எடுத்தேன். அப்புறம் விடமுடியவில்லை. இப்போது மாலை வகுப்பில் எங்கள் லாவ்ஷிக்கு (ஆசிரியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எடுபிடியாக இருக்கிறேன். அங்கே பல ஆசிரியர் கல்லூரிகளில் ‘மூன்று பேனா எழுத்து’ என்று ஒரு பயிற்சி உண்டு. தூரிகை, சாதாரணப் பேனா, சாக்பீஸ் மூன்றிலும் எழுத்து சுத்தமாக வரவேண்டும். நாளைக்குக் கணக்கு வாத்தியாராகப் போகிறவருக்கும் இதிலிருந்து விலக்கு கிடையாது.

தூரிகையை எப்படிப் பிடிப்பது, முதுகை எப்படி வைத்துக்கொள்வது என்பதை எல்லாம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் தோள்பட்டை சொல்லும். அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

கல்லின் காயத்தைக் காப்பியடிப்பது

ஆரம்பத்தில் பெரும்பாலும் தாங் அரச வம்சக் காலத்து யென் ஜென்சிங்கின் (709–785) எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்வார்கள். அவர் தன் கொள்ளுத்தாத்தாவுக்காக 779-ல் எழுதிய கல்வெட்டு ஒன்று உண்டு. காணாமல் போய், 1922-ல் சியான் நகரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. இப்போது அங்கே கல்வெட்டுக் காடு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நம் கைக்கு வருவது அதன் படி. ஈரக் காகிதத்தைக் கல்மேல் ஒட்டி, மேலே மை ஒற்றி எடுத்தது. எழுத்து வெள்ளையாகவும் பின்னணி கறுப்பாகவும் இருக்கும்.

புதிதாக எழுதுகிறவர் அந்த வெள்ளை எழுத்தின் ஓரத்தில் உள்ள சொரசொரப்பையும் சேர்த்து எழுதப் பார்ப்பார். கையை வேண்டுமென்றே நடுங்கவிடுவார். நான் இரண்டு மாதம் நடுங்கவிட்டேன். பழமை வந்துவிட்டது என்று பெருமை வேறு. அது உளி பட்ட இடம், ஆயிரத்துச் சொச்சம் வருடம் தேய்ந்த இடம். யென் ஜென்சிங் அப்படி எழுதவில்லை. பெய்ஜிங் ஆசிரியர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரும் தூரிகை எழுத்துக் கலைஞருமான சி கோங் (1912–2005), அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1997-ல் குறிக்கோள் வாசகம் எழுதித் தந்தவர், இதற்கென்றே ஒரு கவிதை வரி எழுதியிருக்கிறார். கத்திமுனையை ஊடுருவித் தூரிகைமுனையைப் பார் என்பது அதன் பொருள்.

அதற்கு வழி, அதே மனிதர் காகிதத்தில் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. கலகத்தில் மாண்ட அண்ணன் மகனுக்காக 758-ல் அவர் எழுதிய இரங்கல் வரைவு தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடித்து அடித்து எழுதியிருப்பார். மை தீர்ந்து தூரிகை வறண்டு இழுபடும் இடமெல்லாம் தெரியும். நல்ல அச்சுப் பிரதி கிடைக்கிறது, வாங்குங்கள்.

காகிதத்தின் பின்பக்கம்

தடவிப் பாருங்கள். வழவழப்பான பக்கத்தில் எழுதுங்கள்.

நேற்றைய மை

எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வகுப்பு முடியும்போது கிண்ணத்தில் கொஞ்சம் மை மிஞ்சும். கொட்ட மனசு வராது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இன்னும் வராது. கிண்ணத்தைத் தட்டால் மூடி வைத்துவிட்டு, மறுநாள் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி எழுதுவேன். பழைய சோறு வயிற்றுக்கு நல்லது. பழைய மை எழுத்துக்கு எமன்.

எழுதும்போது எதுவும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள வஞ்சகம். சொல்லப்போனால் புது மையைவிட அழகாகவே இருக்கும். கோட்டின் நடுவில் கெட்டிக் கறுப்பு, ஓரத்தில் மெல்லிய சாம்பல் நிறம். காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். நாமும் ‘ஆகா’ என்று மகிழ்ந்துபோவோம்.

இரண்டாம் வருடக் கண்காட்சிக்கு ஒரு தொங்கு சுருள் எழுதினேன். ‘நான்கு அடித் தாள்’ என்பார்கள், 138-க்கு 69 சென்டிமீட்டர். அதை நீளவாக்கில் பாதியாக வெட்டி, இருபது எழுத்துள்ள ஒரு பழைய கவிதை. நான்கு இரவு, முப்பது தாளுக்கு மேல் போயிற்று. கடைசி இரவு பதினொரு மணிக்குப் பாட்டில் காலி. முந்தைய நாள் கிண்ணம் இருந்தது. அதில் எழுதிய தாள்தான் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது. லாவ்ஷியும் அதையே எடுத்தார்.

கல்லூரியின் பின்வாசல் பக்கம் சுருள் கட்டும் கடை, எழுதிய தாளுக்கு முதுகுத் தாள் ஒட்டித் தொங்கவிடத் தயார் செய்து தரும் இடம். கடைக்காரரை ஷிஃபு என்போம், கைத்தொழில்காரர்களுக்கு அங்கே அதுதான் மரியாதை. தாளை வாங்கிப் பார்த்தவர், “அன்றன்றைக்கு ஊற்றிய மைதானே?” என்று கேட்டார். “ஆமாம் ஷிஃபு” என்றேன். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. அது ஒரு சம்பிரதாயக் கேள்வி என்று நினைத்தேன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். சிவப்பு அரக்கு பூசிய பெரிய மேசை. தாளை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி விரித்தார். தெளிப்பானால் தண்ணீர் அடித்தார். தாளில் முதலில் சுருக்கம் விழுந்து, அப்புறம் தளர்ந்து மேசையோடு படிந்தது. பனைநார்த் தூரிகையால் சுருக்கம் நீவினார். அடுத்தது மாவுப் பசை தடவி, மேலே முதுகுத் தாள் ஒட்டவேண்டும். பசைத் தூரிகை இரண்டாவது வரிக்கு வந்தபோது நின்றுவிட்டது. தாளின் பின்புறம் வழியாகவே தெரிந்தது. சாயம் போகிற புடவையை வெள்ளைச் சட்டையோடு ஊறவைத்தால் என்ன ஆகுமோ அது. ஒவ்வொரு கோட்டிலிருந்தும் சாம்பல் நிறம் கிளம்பி, பக்கத்துக் கோட்டைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. உலர்ந்த தாளை ஒற்றி ஒற்றி எடுத்தார். பயனில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “நேற்றைய மை” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கூலியை வாங்கிக்கொண்டார். பசையும் தாளும் அவருக்கு மட்டும் சும்மாவா வருகிறது?

கண்காட்சிச் சுவரில் என் பெயர்ச் சீட்டை ஏற்கெனவே ஒட்டியிருந்தார்கள். பெயர், வகுப்பு, ‘தொங்கு சுருள், தூரிகை எழுத்து’ என்று அழகாக அச்சடித்தது. மேலே ஆணி மட்டும். வந்தவர்கள் சீட்டைப் படித்துவிட்டு ஆணியைப் பார்த்தார்கள். ஒருவர் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? மை என்பது கரி, விலங்குப் பசை, தண்ணீர். கரி, பைன் மரத்தை எரித்ததாக இருக்கும். இல்லை எண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்ததாக இருக்கும். நம் பாட்டிமார் கண்மைக்குக் கரி பிடித்த அதே கதைதான். அந்தக் கரித்தூளைக் காகித நாரோடு சேர்த்துப் பிடித்து வைப்பது பசை. திறந்து கிடந்தால் பசை அழுகத் தொடங்கும். முகர்ந்தாலே தெரியும். பிடிப்பு போய்விடும், கரி திரண்டுகொள்ளும். அதில் தண்ணீர் வேறு விட்டால், இருக்கிற பசையும் நீர்த்துப்போகும். காய்ந்த தாளில் கரி சும்மா உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை ஈரம் பட்டால் எழுந்து போய்விடும். சுருள் கட்டுவதற்கோ ஈரம் படாமல் முடியாது.

இதைச் சொன்னால், கொஞ்சம் படித்த பையன்களிடமிருந்து ஒரு பதில் தயாராக வரும்: “ஹுவாங் பின்ஹொங் பழைய மையில்தானே வரைந்தார்?” இந்தப் பதில்தான் எனக்கு ஆகாது. வரைந்தார், உண்மை. எங்கள் மாகாணத் தலைநகர் ஹாங்சோவில் கடைசிக் காலத்தைக் கழித்த அந்த ஓவியர் (1865–1955) மலைகளைக் கரேலென்று அடுக்கடுக்காக ஏற்றுவதற்குப் பழைய மையை வைத்து என்னென்னவோ செய்தார். மை எங்கே கசியும், எங்கே நிற்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். மலைக்குக் கசிவு அழகு. எழுத்தில் இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள வெள்ளையும் எழுத்துதான், அங்கே சாம்பல் ஏறினால் எழுத்தே இல்லை. ஆறு மாதம் எழுதியவர் அவர் பெயரைச் சொல்லிக் கிண்ணத்தை மூடி வைத்தால் எனக்கு எரிச்சல் வருமா வராதா?

இன்னொரு பதிலும் உண்டு: “மாணவர் கண்காட்சிதானே, இதுக்குப் போய்…” ஹாங்சோவின் ஜெஜியாங் முதல் ஆசிரியர் கல்லூரியில் 1912 முதல் 1918 வரை ஓவியமும் இசையும் சொல்லிக்கொடுத்தவர் லீ ஷூதொங். 1914-ல் அங்கே முத்திரை செதுக்குவதற்கென்று ஒரு சங்கமே ஆரம்பித்தார். பின்னாளில் பெரிய ஓவியர்களான ஃபெங் ஸிகாய், பான் தியென்ஷோ இருவரும் அவரிடம் படித்தவர்கள். அன்றைக்கு அவர்களும் மாணவர்கள்தான். லீ 1918-ல் துறவியாகி, மற்ற கலைகளை எல்லாம் விட்டார். தூரிகை எழுத்தை மட்டும் விடவில்லை.

என்ன செய்யலாம் என்றால், அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு ஊற்றுங்கள். மிஞ்சினால் வெறும் பயிற்சித் தாளில் தீர்த்துவிடுங்கள். பாட்டிலுக்குள் மட்டும் திருப்பி ஊற்றாதீர்கள், முழுப் பாட்டிலும் போகும். பாட்டிலிலும் பயிற்சிக்கானது, படைப்புக்கானது என்று இரண்டு தரம் உண்டு; மலிவானதில் எழுதியதைச் சுருள் கட்டக் கொடுக்காதீர்கள். எழுதிய தாளை மறுநாளே கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடாமல் சில வாரம் கிடக்கவிடுங்கள். சந்தேகமாக இருந்தால், அதே தாளின் ஓரத் துண்டில் அதே மையால் ஒரு கோடு. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் தெளித்து வெள்ளை டிஷ்யூவால் அழுத்துங்கள். டிஷ்யூவில் சாம்பல் ஒட்டினால் ஷிஃபுவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். தாளைச் சுருட்டித் துணியில் சுற்றி, இட்லி அவிப்பது போல ஆவியில் வைத்து மையைப் பிடிக்கவைப்பார்கள். இல்லாவிட்டால் ஈரமே படாமல் சூட்டில் ஒட்டும் இயந்திரம் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு அது பிடிக்காது. ஆணியை மட்டும் மாட்டுவதற்கு அது மேல்.

எழுதிய கோட்டைத் திருப்பித் தீட்டுவது

வேண்டாம். காய்ந்ததும் தெரியும்.

பேரரசரின் பின்பக்கம்

தூரிகை எழுத்தில் பெரும்பாலும் பழைய முழு வடிவ எழுத்துகளையே எழுதுவார்கள். 1956-ல் வந்த எளிமைத் திட்டம் சில இடங்களில் இரண்டு எழுத்துகளை ஒன்றாக்கிவிட்டது. இன்றைய பிள்ளைகள் கவிதையைப் போனில் போட்டு ‘பழைய வடிவம்’ என்று தட்டி, வருவதை அப்படியே எழுதுகிறார்கள். ‘ஹோ’ என்று ஒலிக்கும் எழுத்து ‘அரசி’யும் ஆகும், ‘பின்’னும் ஆகும். பழைய வடிவில் இரண்டும் வேறு. போன் தவறாக மாற்றினால் பேரரசி, பேரரசரின் பின்பக்கம் ஆகிவிடுவார்.

ஆசிரியர் கல்லூரிக்காரர்களுக்கு இன்னொரு கண்ணி. ‘ஆசிரியர் பயிற்சி’ என்ற சொல்லில் வரும் ‘ஃபான்’ பழைய வடிவில் சிக்கலான எழுத்து. ஃபான் என்ற குடும்பப்பெயர் எந்தக் காலத்திலும் எளிய வடிவம்தான். அந்தக் குடும்பப்பெயருள்ள ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறும் நாளில், அவர் பெயரையே மாற்றி எழுதிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அகராதியைத் திறங்கள்.

தேதியும் முத்திரையும்

ஓரத்தில் ஆண்டின் பெயர் எழுதுவார்கள். நம் பிரபவ, விபவ போல அங்கேயும் அறுபது வருடச் சுற்று. அது ஜனவரி 1-ல் மாறாது, சந்திரப் புத்தாண்டில்தான் மாறும். 2025-ல் அது ஜனவரி 29. பத்தாம் தேதி எழுதிய தாளில் புது ஆண்டின் பெயரைப் போட்டவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. லாவ்ஷி சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே.

முத்திரையைத் தலைகீழாகக் குத்தாமல் இருக்க, கல்லின் பக்கவாட்டில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். சிவப்புப் பசை, சிந்தூரமும் ஆமணக்கெண்ணெயும் மூலிகை நாரும் சேர்ந்தது. காய நாளாகும். அதற்குள் மடித்தால் எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது முத்திரை இலவசம்.

சாக்பீஸ்

தூரிகைக்காரர்கள் இதை மதிப்பதில்லை. பாதியாக ஒடித்து, சாய்த்துப் பிடித்து, விரலுக்குள் உருட்டிக்கொண்டே எழுதுங்கள். கீச்சிடாது, முனையும் ஒரே பக்கம் தேயாது. எவ்வளவு நன்றாக எழுதினாலும் அடுத்த பீரியடுக்கு வருகிறவர் அழித்துவிடுவார், அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.