அலறாதவரிடம் முதலில் போங்கள்: சாலை விபத்துக் களத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு நேரம், நான்குவழிச் சாலை. நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் பைக் மோதியிருக்கிறது. ஓட்டி வந்தவரின் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிகிறது, அலறுகிறார். பின்னால் உட்கார்ந்து வந்தவர் பத்தடி தள்ளிக் கிடக்கிறார், தலைக்கவசம் கழலவில்லை, சத்தமே இல்லை. கூட்டம் அலறுகிறவரைச் சுற்றித்தான் நிற்கும். 108 வண்டியிலிருந்து இறங்கும் புது இஎம்டியின் (ஆம்புலன்ஸின் அவசர மருத்துவ உதவியாளர்) காலும் தானாக அங்கேதான் போகும்.

களத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த ஒரு திரும்பலில் தொடங்குகிறது. அலறுகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு இந்த நிமிடம் ரத்தம் போகிறது. இதை அவர் குரலே சொல்லிவிடுகிறது. அவர் காலிலிருந்து ரத்தம் பீறிட்டால் கூட்டத்தில் ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அமைதியாகக் கிடப்பவரிடம் போங்கள். அதற்கும் முன்னால், ஆம்புலன்ஸை வாகனங்கள் வரும் பக்கத்தில் ஹசார்ட் விளக்கோடு மறித்து நிறுத்தியாயிற்றா என்று பாருங்கள். இரண்டாவது வண்டி மோதினால் உதவ வந்தவரும் நோயாளிதான்.

"மூச்சு இழுக்குது, உயிர் இருக்கு"

கூட்டத்தில் யாராவது இப்படிச் சொல்வார்கள். நிமிடத்துக்கு நான்கைந்து முறை வாயைத் திறந்து இழுப்பது மூச்சல்ல. இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு சற்று நேரம் அப்படி இழுக்க வைக்கும். நெஞ்சைப் பார்த்தபடி கழுத்து நாடியைத் தொடுங்கள்; இரண்டுக்கும் சேர்த்து 10 விநாடிக்கு மேல் எடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைப்பது) தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ. களைப்பில் பலரும் விடும் இடம் ஆழம் அல்ல, மேலே வருவதுதான். நெஞ்சின் மேல் சாய்ந்தபடியே அழுத்தினால் நெஞ்சுக்கூடு முழுதாக எழும்பாது, இதயத்தில் ரத்தம் நிரம்பாது. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.

மூச்சு இருந்து, குறட்டை போலவோ குமிழி வெடிப்பது போலவோ சத்தம் கேட்டால் பாதை அடைபட்டிருக்கிறது. இங்கேதான் கழுத்தெலும்பு பயம் குறுக்கே வரும். தண்டுவடத்தைக் காக்க வேண்டும் என்பது சரி. ஆனால் கழுத்தை அசையாமல் பிடிக்கும் காலர் போடுவதில் இரண்டு நிமிடம் போய், அதற்குள் ரத்தமும் வாந்தியும் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் காத்த தண்டுவடத்தால் பயனில்லை. தலையைப் பின்னால் சாய்க்காமல், தாடையின் இரு கோணங்களையும் முன்னே தள்ளுங்கள். சக்‌ஷன் குழாயை (வாயில் தேங்கியதை உறிஞ்சி எடுப்பது) கண்ணுக்குத் தெரியும் ஆழம் வரைதான் விட வேண்டும். வாந்தி வந்தால், படுக்க வைத்துக் கட்டிய பலகையான ஸ்பைன் போர்டோடு மொத்தமாகப் பக்கவாட்டில் திருப்புங்கள். காலரை இறுக்கிக் கட்டுவதும் தவறு: கழுத்துச் சிரைகள் அழுந்தினால், அடிபட்ட தலைக்குள் அழுத்தம் இன்னும் ஏறும்.

தலைக்கவசத்தை ஒரே ஆள் பிடித்து இழுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் இருந்து கவசத்தை இருபுறமும் அசையாமல் பிடிக்கிறார். மற்றவர் வாரை வெட்டி, ஒரு கையால் தாடையையும் இன்னொரு கையால் பின்மண்டைக்குக் கீழேயும் தாங்குகிறார். பிறகு முதலாமவர் கவசத்தின் பக்கங்களை விரித்து, மூக்கில் இடிக்காமல் சற்றே சாய்த்துக் கழற்றுகிறார். கவசம் வெளியே வந்த அந்த நொடியில் தலை தொப்பென்று விழாமல் இருப்பது தாங்குகிறவரின் கையில் இருக்கிறது.

ஆம்பு பேக்கில் (கையால் பிழிந்து மூச்சுக் கொடுக்கும் பை) நடக்கும் தவறுக்குக் காரணம் பதற்றம். பெரியவர்களுக்கான பையில் சுமார் ஒன்றரை லிட்டர் காற்று இருக்கிறது. ஒரு மூச்சுக்குத் தேவை 500 முதல் 600 மி.லி. முழுதாகப் பிழிந்தால் மிச்சம் இரைப்பைக்குப் போய் வாந்தியாகத் திரும்பும். நாடி இருப்பவருக்கு 6 விநாடிக்கு ஒரு மூச்சு, ஒரு விநாடி நேரம் எடுத்து, நெஞ்சு எழும்பும் அளவுக்கு மட்டும். தலைக்காயக்காரருக்கு வேகமாக அடித்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். நல்லது என்று நினைத்துச் செய்வதே மூளையைப் பட்டினி போடும்.

ரத்தத்தை மறைப்பதும் நிறுத்துவதும் வேறு

பஞ்சுக்கு மேல் பஞ்சாக அடுக்கிக் கட்டினால் ரத்தம் பஞ்சுக்குள் போகும், நிற்காது. காயத்துக்குள் எங்கிருந்து வருகிறதோ அந்தப் புள்ளியில் துணியைத் திணித்து, குறைந்தது 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்ப்பவர், அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தத்தைப் பிய்த்தெறிகிறார். கை கால் காயத்தில் அழுத்தியும் நிற்காவிட்டால் டூர்னிகே (கை காலைச் சுற்றி இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை): காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும் வரை இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதுங்கள். அரைகுறையாகக் கட்டினால் சிரை மட்டும் அடைபட்டுத் தமனி திறந்திருக்கும். ரத்தப்போக்கு கூடத்தான் செய்யும். வயரும் சணல் கயிறும் தசையையும் நரம்பையும் அறுக்கும், வேண்டாம். கட்டிய பிறகு வழியில் தளர்த்தவும் கூடாது. காயத்தில் காப்பித்தூளோ மஞ்சளோ அப்பப்பட்டிருந்தால் அதைச் சுரண்டிக்கொண்டிருக்காதீர்கள். அதன் மேலேயே அழுத்துங்கள்.

வெளியே தெரியாத ரத்தம்தான் அதிகம் ஏமாற்றும். ஒரு தொடை எலும்பு முறிந்தால் தோல் கிழியாமலேயே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் உள்ளே தேங்கலாம். இடுப்பெலும்பில் இன்னும் அதிகம். இடுப்பு ஆடுகிறதா என்று இருபுறமும் அமுக்கிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். உறைந்த ரத்தம் கலையும். சந்தேகம் இருந்தாலே மடித்த பெட்ஷீட்டால் கட்டலாம். அந்தக் கட்டு பெல்ட் போடும் இடத்தில் அல்ல, தொடையின் மேல்முனையில் பக்கவாட்டில் துருத்தும் எலும்பின் மட்டத்தில் வர வேண்டும்.

"பிபி நார்மல்"

இளைஞர்களின் உடல், ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சுருக்கி ரத்த அழுத்தத்தைத் தாக்குப்பிடிக்கும். மொத்த ரத்தத்தில் 30 சதவீதம் போகும் வரை மேல் எண் அதிகம் இறங்காமலே இருக்கலாம். பிறகு ஒரேயடியாகச் சரியும். ஆகவே 110 என்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 110/70 இருந்தது 108/88 ஆனால், இரண்டு எண்களும் நெருங்குவதே எச்சரிக்கை. நாடி 120ஐத் தாண்டுகிறதா, கை ஜில்லென்று வியர்த்திருக்கிறதா, காரணமில்லாமல் முரண்டு பிடிக்கிறாரா என்று பாருங்கள். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடும் முதியவருக்கு நாடி ஏறாமலே இருக்கலாம்.

மூச்சு எண்ணிக்கை இன்னும் மோசம். எண்ணாமலேயே 18 அல்லது 20 என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 30 விநாடியாவது நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள்; 30க்கு மேலோ 10க்குக் கீழோ போனால் வேறு எந்த எண்ணும் ஆறுதல் தராது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் ஜில்லிட்ட விரலில் தடுமாறும். நெயில் பாலிஷ் இருந்தாலும் அப்படித்தான்.

சாராய வாடை அடிப்பதால் "போதையில் உளறுகிறார்" என்று ஒதுக்குவது உயிரைப் பறிக்கும் தவறு. குடித்தவருக்கும் மண்டைக்குள் ரத்தம் கசியும், சர்க்கரையும் குறையும். விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் குழப்பத்துக்கு அதுவும் காரணமாகலாம், ஆனால் தலைக்காயம் இல்லை என்று அர்த்தமில்லை. எழுந்து உட்கார்ந்து பேசி, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று கையெழுத்துப் போட்டவர் ஒரு மணி நேரம் கழித்து நினைவிழப்பதும் உண்டு. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே தமனி கசிந்தால் அப்படித்தான் இடைவெளி விட்டுத் தாக்கும். நிலையற்றவரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை, நிலையாக இருப்பவரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பவும் பாருங்கள்: விழிப்பாக இருக்கிறாரா, குரலுக்குப் பதிலா, வலிக்கு மட்டுமா, எதற்குமே இல்லையா.

கூட்டமும் வண்டியும்

சோடாவோ தண்ணீரோ யாரும் புகட்ட விடாதீர்கள். அறுவை சிகிச்சைக்குப் போகிறவரின் வயிறு காலியாக இருக்க வேண்டும், நினைவு மங்கியவருக்குப் புரையேறும். அதே கூட்டத்தில் டார்ச் பிடிக்க, காயத்தை அழுத்த நல்ல கைகள் இருக்கின்றன. போலீஸ், கோர்ட் என்று தயங்குகிறவர்களிடம் சொல்லுங்கள்: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்கிலிருந்து காக்கிறது, பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

சாலையோரம் உட்கார்ந்து நரம்பு தேடிக்கொண்டிருக்காதீர்கள், டிரிப் ஓடும் வண்டியில் போட்டுக்கொள்ளலாம். சிக்கியிருப்பவரை மீட்க வேண்டியிருந்தால் தவிர, 10 நிமிடத்தில் கிளம்பிவிட வேண்டும். சலைனைக் கட்டுப்பாடின்றி ஏற்றினால் ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்கள் நீர்த்துப்போகும். உடையை வெட்டி முதுகுவரை பார்த்ததும் போர்த்துங்கள்; ஏசியை அணையுங்கள். நம்மூர் வெயிலிலும், ரத்தம் இழந்தவர் சில்லிட்டுப் போவார். உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது.

ஒப்படைக்கும்போது "ஆர்டிஏ, அன்கான்ஷியஸ்" (சாலை விபத்து, நினைவில்லை) என்று இரண்டு சொல்லோடு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவிட்டுத் திரும்பாதீர்கள். விபத்து எத்தனை மணிக்கு, எப்படி நடந்தது, எங்கெல்லாம் காயம், முதலில் எடுத்த எண்களும் கடைசியாக எடுத்தவையும், என்ன செய்தீர்கள், பேசிக்கொண்டிருந்தவர் எப்போது பேச்சை நிறுத்தினார் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருந்தால் மருத்துவர் கையிலேயே கொடுங்கள். அது ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோ குளோபிடோக்ரெலோ ஆக இருந்தால், தலையில் சின்ன வீக்கத்தோடு வந்தவரைக்கூட உடனே சிடி ஸ்கேனுக்கு அனுப்புவார்கள்.